தொண்ணூறு கிலோ மாப்பிள்ளை

பட்டியல் போடாமல் நான் எதையும் செய்வதில்லை. என் வாழ்வின் ஆகப் பெரிய பிழையையும் பட்டியல் போட்டுத்தான் செய்தேன்.

அண்ணனின் கல்யாணத்துக்கென்று அவருடைய கொழும்பு நண்பர் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை இரவல் தந்திருந்தார். இரண்டே இருக்கை. ஒரே குறை, ஸ்டியரிங் இடப்பக்கம் இழுத்தது. "என்ரை தங்கச்சி எஞ்சினியர், அவள் பாப்பாள்" என்று அண்ணன் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். (பட்டம் வாங்கி மூன்று மாதம். என் மானம் முழுவதும் அந்த நான்கு சக்கரங்களில்.)

கல்யாணத்துக்கு முதல்நாள் வீல் அலைன்மென்ட் செய்யக் கராஜுக்குப் போனேன்.

"உது காரோ, விரிச்ச பாயோ பிள்ளை?" என்றார் கராஜ்காரர், நிலத்தோடு ஒட்டிக் கிடந்த காரைப் பார்த்து.

என் பட்டியலின் நான்காவது வரி: ஓட்டுபவரின் பாரம் இருக்கையில் இருக்கும்போதே சக்கரங்களின் கோணத்தைத் திருத்த வேண்டும். அண்ணன் தொண்ணூறு கிலோ. கல்யாணச் சமையலுக்காகத் எங்களூர்த் திருநெல்வேலிச் சந்தையில் வாங்கி வந்த இரண்டு நாற்பத்தைந்து கிலோ வெங்காய மூட்டைகளைச் சாரதி இருக்கையில் இருத்தினேன்.

"அப்ப வெங்காயமோ நாளைக்கு மாப்பிள்ளை?"

சிரித்துக்கொண்டே திருத்தினார். கருவியின் திரையில் எண்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. மழை பெய்து ஓய்ந்த வயலைப் பார்ப்பதுபோல அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் காலை, தலைப்பாகையோடு அண்ணன் சாரதிப் பக்கக் கதவைத் திறக்க, அம்மா பாய்ந்து வந்தார்.

"மாப்பிள்ளை தானே கார் ஓடிக்கொண்டு போறதோ? ஆர் கேள்விப்பட்டது! நீ ஓடடி பிள்ளை."

சொல்லிவிட்டு, மாப்பிள்ளைத் தோழன் உட்பட எல்லோரையும் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு முன்னே போய்விட்டார்.

தொண்ணூறு கிலோ இடப்பக்கம் மாறியது. நாற்பத்தெட்டு கிலோ நான், வலப்பக்கம். எனக்கு அது உறைக்கவேயில்லை. இளவெயில். மாலையின் மல்லிகை வாசம். தோட்டங்களும் பனைகளும் ஓசையில்லாமல் பின்னால் நழுவின. கார் ஓடுகிறதா, மிதக்கிறதா என்றே தெரியவில்லை.

"பாருங்கோ அண்ணை, கையை விட்டாலும் நேரா போகும்."

விட்டேன்.

ஒரு அவசரமும் இல்லாமல் கார் இடப்பக்கம் ஒதுங்கியது. ஒரு கணம் அதுகூட அழகாகத்தான் இருந்தது. நான் ஸ்டியரிங்கைப் பிடிப்பதற்குள், தண்ணீர் இறைத்திருந்த வெங்காயத் தோட்டத்தில் அது மூக்கைப் புதைத்துவிட்டது.

"உதுதானோடி உன்ரை நேர்?" என்றார் அண்ணன்.

முகூர்த்தத்துக்கு இருபது நிமிடம். தோட்டக்காரரின் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் நின்றபடி, ஒரு கையால் தலைப்பாகையையும் மறுகையால் வேட்டியையும் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளை மண்டபத்தில் வந்திறங்கினார். தாலி நேரத்துக்கு ஏறியது. பொறியியல்தான் தோட்டத்தில் கிடந்தது.

இப்போதும் குடும்பமாக எங்கே புறப்பட்டாலும் அண்ணி சட்டென்று காரில் ஏறமாட்டார். கதவைப் பிடித்தபடி கேட்பார்: "மச்சாள், என்ரை வெங்காய மூட்டையை எந்தப் பக்கம் ஏத்துறது?"

அண்ணன் பின் இருக்கையின் நட்டநடுவில் போய் இருப்பார்.