காபைன் விண்ணப்பத்தில் உங்கள் கையெழுத்து வேண்டி

காணாமற்போனவற்றைக் கண்டுபிடித்துத் தரும் அந்தோனியார் துணை

இல்-பிசார், மொன்றியல்

பெருமதிப்புக்குரிய டெனிஸ்டன் அத்தானுக்கு,

நீங்களும் அக்காவும் ஸ்காபரோவில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்கள் உடலளவில் நலம். மற்றவற்றை எழுதத்தான் இந்தக் கடிதம். இதோடு ஒரு விண்ணப்பப் படிவமும் வைத்திருக்கிறேன். துப்பாக்கி அனுமதிக்கு, அதாவது வீட்டில் துவக்கு வைத்திருப்பதற்கு, என்னை நன்றாகத் தெரிந்த இரண்டு பேரின் கையெழுத்து வேண்டுமாம். ஒன்று எங்கள் கோயில் பாடகர் குழுத் தலைவருடையது, அவர் வைத்துத் தந்துவிட்டார். மற்றது உங்களுடையதாக இருக்க வேண்டும், ஏனென்றால் இந்த நிலைக்கு நான் வந்ததே உங்களால்தான்.

மார்ச் மாதம் ஒரு ஞாயிறு, நாங்கள் பூசை முடிந்து வந்தபோது கராஜ் கதவு திறந்து கிடந்ததும், பனி அள்ளும் மெஷின் போய்விட்டதும் உங்களுக்குத் தெரியும். கள்ளன் கராஜில் இருக்கும் எங்கள் இரண்டாவது பிரிட்ஜைத் திறந்து, நின்று நிதானமாக மூன்று மீன் கட்லெட் சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தான் என்பதை வெட்கத்தில் உங்களுக்குச் சொல்லவில்லை. அன்று தொடக்கம் நான் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் புவாண்ட்-கிளேரில் இருக்கும் வேலைத்தலத்திலிருந்து வீட்டுக்குக் காரோட்டி வந்து, பூட்டை ஆட்டிப் பார்த்துவிட்டு, சாப்பிடாமலே திரும்பிப் போகிறேன். இதைக் கேட்டுத்தானே நீங்கள் தொலைபேசியில், "ஐசே பற்றிக், ஒரு காபைன் வாங்கும். ஆனா எல்லாரும் வாங்கிறதை வாங்காதையும். வேற ஏதும் நல்லதாப் பாத்து எடும்" என்றீர்கள். காபைன் என்றால் கட்டையான துவக்கு என்றும், வீட்டுக்குள் திரும்ப வசதி என்றும் விளக்கினீர்கள். எல்லாரும் வாங்குவது எது என்றே தெரியாத ஒருவனிடம், அதைத் தவிர்த்து வேறொன்றை எடு என்றால் அவன் எங்கே போவான் அத்தான்?

முதலில் இரண்டு நாள் பாதுகாப்புப் பயிற்சிக்குப் போனேன். வகுப்பில் பதினைந்து பேர், எல்லாரும் மான் வேட்டைக்காரர்கள். வெள்ளைத் தாடி வைத்த ஆசிரியர் ஒரு பெட்டியைத் திறந்து, சுடாத பயிற்சித் துவக்கு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினார். அவ்வளவுதான். என் இரண்டு கைகளும் தாமாகவே மேலே போய்விட்டன. பிறகு இடது கையை மேலேயே வைத்துக்கொண்டு, வலது கையால் சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து நீட்டினேன். மன்னாரில் இருபது வயதில் இராணுவச் சோதனைச்சாவடிகளில் பழகியது, முப்பத்தைந்து வருடமாக எங்கே ஒளிந்திருந்ததோ தெரியாது. ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஆசிரியர் துவக்கைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டு, எனக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து தந்து, "மெஸ்யூ, இது உங்களுக்கு உண்மையாகவே வேண்டுமா?" என்று மெதுவாகக் கேட்டார். வேண்டும் என்றேன். சோதனையிலும் சித்தியடைந்தேன், ஆனால் அந்த இரண்டு நாளும் என்னைக் கடைசி வரிசையில்தான் இருத்தினார்கள்.

அடுத்து, எதை வாங்குவது என்று பார்த்து வைக்க ஒரு கடைக்குப் போனேன். பிரெஞ்சில் கதைக்க மகள் லக்சனாவையும் அழைத்துப்போனேன். நீங்கள் அனுப்பிய வீடியோக்களில் கண்ட பெயர்களை வாசித்தேன். அதெல்லாம் இங்கே தடை என்று கடைக்காரர் தலையாட்டினார். மிச்சம் இருந்ததில் ஒன்று, கீழே உள்ள வளையத்தை ஒவ்வொரு குண்டுக்கும் முன்னுக்குத் தள்ளிப் பின்னுக்கு இழுக்க வேண்டியது. வேலையில் பெட்டி தூக்கித் தூக்கி மரத்துப்போன என் தோள் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. இன்னொன்று கதவுத் தாழ்ப்பாள் மாதிரி இழுப்பது, அது வலது கைக்காரருக்கு, நான் இடது கை. மூன்றாவது நடுவால் மடிந்து பைக்குள் அடங்கும் அழகான சாமான். ஆனால் ஒரு முறைக்கு ஒரே ஒரு குண்டுதான். கள்ளர் இரண்டு பேராக வந்தால் மற்றவனைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்வதா? நான் யோசித்துக்கொண்டு நிற்க, கடைக்காரர் ஏதோ கேட்டார்.

"அப்பா, நீங்கள் என்னத்தை வேட்டையாடப் போறீங்கள் எண்டு கேக்கிறார்."

"கள்ளரை எண்டு சொல்லு பிள்ளை."

லக்சனா சொல்ல மறுத்துவிட்டாள். எனக்கு அந்தப் பிரெஞ்சுச் சொல் தெரிந்திருந்ததால் நானே சொன்னேன். அவர் துவக்கை என் கையிலிருந்து மரியாதையாக வாங்கிக் கண்ணாடி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். இங்கே வேட்டைக்கும் இலக்குப் பயிற்சிக்கும்தான் வாங்கலாமாம், ஆளைச் சுடுவதற்கு என்று வாங்க முடியாதாம். காரில் வரும்போது, "மான் எண்டு சொல்லியிருக்கலாமே" என்றாள் மகள். மான் எங்கள் கட்லெட்டைத் தின்னவில்லையே அத்தான்.

துவக்கைக் குண்டில்லாமல் பூட்டி வைக்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லித் தந்திருந்தார்கள். குண்டை வேறு பெட்டியில் பூட்டி வைக்கலாம் என்று நானே தீர்மானித்தேன். அதனால் சனிக்கிழமை காலை, வீடு கூட்டும் தும்புத்தடியை அலுமாரிக்குள் பூட்டி வைத்து ஒத்திகை பார்த்தேன். லக்சனா போனில் நேரம் பிடித்தாள். அலுமாரிப் பூட்டின் திறப்பைத் தேடி, கண்ணாடியைத் தேடி, குண்டுப் பெட்டிக்கான இரண்டாவது திறப்பைத் தேடி, தும்புத்தடியோடு நான் மாடிப்படியில் தோன்ற ஆறு நிமிடம் நாற்பது செக்கன். படியில் திரும்பும்போது சுவரில் இருந்த மாதா படத்தையும் தட்டி விழுத்திவிட்டேன். குசினியில் சமைத்துக்கொண்டிருந்த என் மனுசி யோசெப்பின் எட்டிப் பார்த்து, "அதுக்குள்ள நான் கள்ளனுக்குத் தேத்தண்ணி ஊத்திக் குடுத்து அனுப்பியிருப்பன்" என்றாள்.

அன்று மத்தியானமே படிவத்தை அவள் முன்னால் வைத்தேன். மனைவியும் கையெழுத்து வைக்க ஓர் இடம் அதில் இருக்கிறது. அவள் பேனையைத் தொடவில்லை.

"எனக்குக் கள்ளனுக்குப் பயமில்லையப்பா. வந்தான், திண்டான், போயிட்டான். லக்சனாட சிநேகிதிப் பிள்ளை ஒண்டு கதவைத் துறந்துகொண்டு உள்ள வர, நீங்கள் அந்தச் சாமானோட நிண்டால்? அதை நினைச்சால்தான் எனக்கு நெஞ்சடைக்குது."

அன்றிலிருந்து நாங்கள் உப்புப் புளி பற்றி மட்டுமே கதைக்கிறோம். இந்த வீட்டில் ஆம்பிளை என்று நான் எதற்கு இருக்கிறேன் என்று தெரியவில்லை. கள்ளனும் மதிக்கவில்லை, கடைக்காரரும் மதிக்கவில்லை, மனைவியும் மதிக்கவில்லை. நீங்களாவது உடனே கையெழுத்து வைத்து அனுப்புங்கள். கடையில் பார்த்த அந்த மூன்றில் எது நல்லது என்றும் எழுதுங்கள். உங்கள் கையெழுத்தைக் கண்டால் அவளும் மனம் மாறலாம்.

அக்காவின் முழங்காலுக்கு வேண்டுதல் வைத்திருக்கிறோம். ஆண்டவர் உங்கள் குடும்பத்தையும் வாசற்கதவையும் காப்பாராக.

இப்படிக்கு,
மனமுடைந்த மைத்துனன்
பற்றிக்

பி.கு: உறையை ஒட்டப் போனபோது யோசெப்பின் வந்து படிவத்தைக் கேட்டாள். வாங்கிக் கையெழுத்து வைத்தாள். "உங்கட விருப்பம். இனி நான் தடுக்கமாட்டன்" என்றுவிட்டுப் போய்விட்டாள். அரை மணித்தியாலமாக அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டு இருக்கிறேன். அவள் எப்படியும் மறிப்பாள் என்ற துணிச்சலில்தான் நான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன் போலிருக்கிறது. அத்தான், இனி அந்தத் துவக்கை என் வீட்டுக்குள் வரவிடாமல் தடுக்கக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான். தயவுசெய்து கையெழுத்து வைக்காதீர்கள். ஏன் என்று யோசெப்பின் கேட்டால், உங்களுக்கு என்னை அவ்வளவாகத் தெரியாது என்று சொல்லிவிடுங்கள்.