அறை கிடைப்பதற்காக அப்பாவுக்கு நடந்த அறுபதாம் கல்யாணம்

திருக்கடையூர்,
பங்குனி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய பரிதி மாமா அவர்களுக்கு,

சுடர்விழி பணிவோடு எழுதுவது. இங்கே அப்பாவும் அம்மாவும் நலம். சாதாரண நலம் இல்லை, அதைப் பின்னால் சொல்கிறேன். திருச்சியில் நீங்களும் அத்தையும் சுகம்தானே? அத்தையின் முட்டிவலிக்கு அம்மா கொடுத்தனுப்பிய தைலம் கேட்டதா என்று தெரிவிக்கவும். போனிலேயே பேசியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். நீங்கள் "சொல்லு பாப்பா" என்றதுமே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதோடு நான் போனைக் கையில் எடுத்தாலே அப்பா பக்கத்தில் வந்து நின்று, "யாரு, பரிதியா? ஸ்பீக்கர்ல போடு" என்பார். அதனால்தான் காகிதம்.

மாமா, இவ்வளவுக்கும் காரணம் நீங்கள்தான். கோபித்துக்கொள்ளாதீர்கள், ஆனால் நீங்கள்தான். எனக்கு இந்தப் பயிர்க் கணக்கெடுப்பு வேலை கிடைத்ததும் எல்லோரையும்விட அதிகமாகச் சந்தோஷப்பட்டது நீங்கள். நம் வீட்டில் முதல் டிகிரி, முதல் சம்பளம் என்று தெருவுக்கே லட்டு கொடுத்தீர்கள். கொடுத்த கையோடு அப்பாவிடம், "மச்சான், ஊர் ஊரா மாத்துற வேலை, வயசுப்புள்ளைய தனியா எப்படி விடுவீங்க? உளுந்துதான் தெளிச்சாச்சே, அது தன்னால வளரும். நீங்களும் அக்காவும் கூடவே போயி இருங்க" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் திருச்சிக்கு பஸ் ஏறிவிட்டீர்கள். நீங்கள் எது சொன்னாலும் அப்பாவுக்கு அது அரசாங்க உத்தரவு மாதிரி. மறுநாளே அரை மூட்டை அரிசி, கரண்ட் அடுப்பு, அம்மாவின் பிளாஸ்டிக் நாற்காலி எல்லாம் கட்டி வைத்துவிட்டார்.

இதில் கொடுமை என்னவென்றால், எனக்குத் தங்க இடம் இருக்கிறது மாமா. பெண்களுக்கு எந்த ஊருக்குப் போனாலும் கம்பெனியே அறை பிடித்துத் தருகிறது. என்னோடு தஹ்மீனா என்று ஒரு பெண், பாபநாசத்துக்காரி, தங்கமானவள். அவளும் நானும் ஓர் அறை. அப்பா அந்த அறையைப் பார்க்க வந்தார். தாழ்ப்பாளைப் பிடித்து மாட்டை இழுப்பது போல நான்கு இழுப்பு இழுத்தார், அது கையோடு வந்துவிட்டது. "பாத்தியா, இதை நம்பியா படுக்கறது?" என்று கேட்டு என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டார். தஹ்மீனா கதவுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு நின்றாள். அன்று தொடங்கி, எனக்கு இருந்த அறையை விட்டுவிட்டு, இல்லாத அறையை மூன்று பேருமாகத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

தாராசுரத்தில் கோயில் பக்கம் ஒரு மாடி காலியாக இருந்தது. சுற்றுலா வருகிறவர்களுக்கு நாள் கணக்கிலும் மற்றவர்களுக்கு மாதக் கணக்கிலும் விடுகிறார்கள், வாடகையும் நம் கைக்கு எட்டுகிற வாடகை. வீட்டுக்கார அம்மா காபியெல்லாம் கொடுத்தார். பிறகு அப்பாவிடம், "எந்த ஊருங்க? ஊர்ல எந்தப் பக்கம்?" என்றார். அப்பாவுக்கு அந்தக் கேள்வி புரியாமல் இல்லை, நீங்களே அறிவீர்கள். ஆனாலும் முகத்தை வெள்ளந்தியாக வைத்துக்கொண்டு, "வாய்க்காலுக்குத் தென்பக்கம்ங்க. மழை பேஞ்சா தண்ணி நிக்கும், மத்தபடி நல்ல காத்து" என்றார். அந்த அம்மா உள்ளே போய் வந்து, மாடிக்கு வெள்ளையடிக்க வேண்டியிருப்பது இப்போதுதான் நினைவுக்கு வந்தது என்றார். சுவரைப் பார்த்தேன், முந்தின நாள் அடித்த வாசனை இன்னும் போகவில்லை. சொல்லவேண்டும் என்று வாய் வரை வந்தது. வழக்கம் போல வாயோடு நின்றுவிட்டது. படி இறங்கும்போது அம்மாதான், "காபி தண்ணியா இருந்துச்சு, நல்லவேளை" என்றார்.

அடுத்து கும்பகோணத்தில் ஒரு லாட்ஜ். அறையில் சமைக்கக் கூடாது என்று சுவரில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. அம்மா அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "சமைக்கத்தானே கூடாது? வறுக்கலாம்ல?" என்று கரண்ட் அடுப்பில் நெத்திலிக் கருவாட்டைப் போட்டார். கீழேயிருந்து மேனேஜர் ஓடி வந்து, "எந்த ரூம்ல சார் எலி செத்துக் கிடக்கு?" என்று ஒவ்வொரு கதவாகத் தட்டுகிறார். நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம். அம்மா கதவைத் திறந்து, "எலியா? நாகப்பட்டணத்து நெத்திலி தம்பி, கிட்ட வந்து மோந்து பாரு" என்று சட்டியை அவர் மூக்குக்கு நேரே நீட்டினார். அன்று மாலையே அரிசி மூட்டையும் நாற்காலியும் நாங்களும் பஸ் ஸ்டாண்டில் இருந்தோம்.

சரி, இதெல்லாம் தங்கும் கஷ்டம், போகட்டும். வேலைக்கே உலை வைத்தால் என்ன செய்வது? நான் செய்வது எளிய வேலை மாமா. ஒவ்வொரு வயலாகப் போய் என்ன பயிர் என்று போனில் படம் எடுத்து ஏற்றவேண்டும். வெயில் சுடுமாம், அப்பா எனக்குக் குடை பிடிக்க வருகிறார். குடை பிடிப்பவர் பின்னால் நிற்கவேண்டாமா? படம் எடுக்கிறார்கள் என்றதும் தன்னையறியாமல் முன்னால் போய், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, உளுந்துக்கு நடுவில் விறைப்பாக நிற்கிறார். எங்கள் மேற்பார்வையாளர் ஷோபனா மேடம் கூப்பிட்டு, "ஏம்மா சுடர்விழி, உளுந்து வயல்ல ஒருத்தர், பருத்தி வயல்ல ஒருத்தர், எள்ளு வயல்ல ஒருத்தர், எல்லாம் ஒரே ஆளா இருக்காரே, யாரு இவரு? எனக்குப் பயிர் போதும்" என்றார். அப்பா என்று சொல்லக் கூச்சப்பட்டு, நிலத்துக்காரர் என்று சொல்லிவிட்டேன். "அத்தனை நிலமும் இவருதா?" என்று கேட்டார். நம் அப்பா, குத்தகை நிலத்துக்காரர், மேடம் கணக்கில் இப்போது டெல்டாவிலேயே பெரிய மிராசு. அடுத்த ஊர் நீடாமங்கலம். அங்கேயாவது கம்பெனி அறையில் தங்கி, தனியாக வயலுக்குப் போய், ஆள் இல்லாத படமாக அனுப்பவேண்டும். இல்லையென்றால் இந்த ஊரோடு என்னை வேலையை விட்டு நிறுத்திவிடுவார்களாம்.

இப்போது திருக்கடையூர் கதைக்கு வருகிறேன். இந்த ஊரில் சும்மா வந்து தங்குகிறவருக்கு அறையே இல்லை மாமா. அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் செய்துகொள்ள வருகிறவர்களுக்குத்தான் எல்லாம். அறை, மண்டபம், மேளம், சாப்பாடு சேர்த்து ஒரே பேச்சு. குணசேகரன் என்று ஒரு மண்டபக்காரர் அப்பாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நல்ல நேரத்துல வந்தீங்க. சென்னைப் பார்ட்டி ஒண்ணு கடைசி நேரத்துல வரலைன்னுட்டாங்க. கும்பம் வச்சாச்சு, மேளக்காரங்க வந்தாச்சு. ஆளு உக்காராம கும்பத்தை எடுக்கறது எங்க மண்டபத்துல வழக்கமில்ல. நீங்க ரெண்டு பேரும் உக்காந்துட்டா அந்த ரூம் பங்குனி முடியிற வரைக்கும் உங்களுக்குத்தான்" என்றார். அப்பா, "எனக்கு இன்னும் அம்பத்திரண்டே முடியலைங்களே" என்றார். "அதனால என்னங்க? தெம்பா இருக்கும்போதே முடிச்சுக்கிட்டா வயசான காலத்துல அலைச்சல் மிச்சம்." நான் அப்பாவைத் தனியே இழுத்து, "நீங்க செங்கொடிச் சங்கத்துல இருந்தவரு, உங்க கல்யாணமே ஐயர் இல்லாம நடந்தது, இது உங்களுக்கே நல்லாருக்கா?" என்று கேட்டேன். அப்பா கொஞ்சம் யோசித்தார். "கொள்கை வேற, ரூம் வேற பாப்பா" என்றார்.

ஆகவே மாமா, உங்கள் அக்காவுக்குப் போன வியாழக்கிழமை மறுபடியும் கல்யாணம் ஆகிவிட்டது. உங்களுக்குச் சொல்ல நேரமில்லை. வராத பார்ட்டிக்கு வாங்கிய பட்டுப்புடவையை அம்மா கட்டிக்கொண்டார். சொந்தம் என்று அவர்கள் தலையில் கும்பத்துத் தண்ணீர் ஊற்ற நான் ஒருத்திதான், அதனால் பக்கத்து மண்டபத்துக்காரர்கள் பாவப்பட்டு வரிசையில் வந்து சேர்ந்து, குடம் குடமாக ஊற்றிவிட்டு, அப்பா அம்மா காலில் விழுந்தார்கள். அப்பாவைவிடப் பெரியவர்கள் எல்லாம்! அப்பா ஒவ்வொருவரையும், "நல்லா இருங்க, நல்லா இருங்க" என்று கூசாமல் வாழ்த்தினார். ஒரு பாட்டியம்மா என்னிடம், "நீ மருமகளா? பேரப்புள்ளைங்க எங்க, தூங்குதா?" என்றார். நான் தலையை ஆட்டிவைத்தேன். என் தலை எந்தப் பக்கம் ஆடியதோ, அவர் குழந்தைக்குக் கொடு என்று ஒரு வாழைப்பழம் தந்தார். அந்த நேரம் பார்த்து ஷோபனா மேடம் போன். பின்னால் நாதஸ்வரம். "வயல்லயா இருக்கே?" என்றார். ஆமாம் என்றேன்.

அம்மா மட்டும் ஈரத் தலையோடு அறைக்கு வந்து, நெடுநேரம் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தார். "அன்னைக்கு எங்க கல்யாணத்துல ரெண்டு மாலை, ஆளுக்கொரு சோடா, அதோட சரி. மேளச்சத்தமே கேக்கல" என்றார். எனக்கும் மனசு கொஞ்சம் இளகித்தான் போனது, மறைக்கவில்லை. ஆனால் இளகினால் என் வேலை நிலைக்குமா? தயவு செய்து நீங்களே அப்பாவுக்குப் போன் செய்து, "மச்சான், போதும். நீங்களும் அக்காவும் ஊருக்குப் போங்க. பாப்பா தஹ்மீனாவோட இருந்துக்கும்" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கள். நீங்கள் சொல்லி வந்தது, நீங்கள் சொன்னால்தான் போகும். படித்த பெண், சம்பாதிக்கிற பெண், எனக்குத் தனியாக இருக்கத் தெரியாதா? நான் என்ன குழந்தையா?

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் இருவர் உடம்புக்கும் ஒரு குறையும் வரக்கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தை அப்பாவிடம் காட்டிவிடாதீர்கள்.

இப்படிக்கு, தங்கள் பணிவுள்ள மருமகள்,
சுடர்விழி.

பின்குறிப்பு: மேலே எழுதியதைத் தபாலில் சேர்ப்பதற்குள் எல்லாம் மாறிவிட்டது. இதை நீடாமங்கலத்திலிருந்து எழுதுகிறேன். வெளியூர்ப் பார்ட்டிகள் பலர் சொந்தக்காரர்கள் இல்லாமல் வருகிறார்களாம். தண்ணீர் ஊற்றவும் வாழ்த்தவும் ஆள் வேண்டும், அப்பா அம்மா இரண்டு பேருக்கும் முகராசி இருக்கிறது என்று குணசேகரன் சொல்லிவிட்டார். தினமும் சாப்பாடு, வெற்றிலைபாக்கு, மரியாதை. அப்பா என்னிடம், "நீ தஹ்மீனாகூட இருந்துக்க பாப்பா, எங்களால இப்ப வர முடியாது" என்கிறார்! பெற்ற பெண்ணை முன்பின் தெரியாத ஊருக்கு இப்படியா தனியாக அனுப்புவார்கள்? இங்கே தாழ்ப்பாள் எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டார்களா? மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிட்டு, உடனே அப்பாவைக் கூப்பிட்டுக் கண்டிப்பாகக் கேளுங்கள் மாமா. என்னை பஸ் ஏற்றிவிடக்கூட வரவில்லை. யாரோ ஒரு பெங்களூர்ப் பார்ட்டிக்குப் பெண் வீட்டுப் பக்கம் ஆள் குறைகிறதாம்.