குறையின் விவரம்

“காலம் இன்னும் முடியலையே சார்” என்றார் வங்கி அதிகாரி.

“நேத்தோட முடிஞ்சுது. மூணு வருஷம். நாள் எண்ணிக்கிட்டுத்தானே இருக்கேன்” என்றார் கண்ணாடிக்காரர்.

“மூணு வருஷம்கிறது நீங்க பணம் கட்டுற காலம். ஒழுங்காக் கட்டி முடிச்சிட்டீங்க, ரொம்ப சந்தோஷம். ஆனா பணம் கைக்கு வர்றது காலம் முடிஞ்சப்புறம்தான்.”

“அதான் கேக்கறேன், எந்தக் காலம்?”

அதிகாரி அசடு வழியச் சிரித்தார். உதவிக்குப் பக்கத்து மேசையைப் பார்த்தார். அந்த மேசைக்காரர் அவசர அவசரமாகக் கணினிக்குள் தலையை நுழைத்துக்கொண்டார்.

“உங்க காலம்தான் சார்.”

விஷயம் கண்ணாடிக்காரரின் மண்டையில் ஏறக் கொஞ்ச நேரம் பிடித்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் வைப்புத்தொகையைப் புதுப்பிக்க இதே நாற்காலியில்தான் வந்து உட்கார்ந்தார். அப்போது எதிரே இருந்த பெண், “எதுக்கு சார் பணத்தைச் சும்மா தூங்க விடறீங்க? இந்தத் திட்டத்துல போடுங்க. காலம் முடிஞ்சதும் மொத்தமாக் கைக்கு வரும்” என்று தேனாகப் பேசினாள். யார் காலம், யார் கைக்கு என்று இவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

“அந்தப் பொண்ணைக் கூப்பிடுங்க.”

“அவங்க இங்க இல்லை சார். இந்தத் திட்டத்தை நிறைய பேருக்குச் சேர்த்துவிட்டாங்கன்னு பதவி உயர்வு கிடைச்சுப் போயிட்டாங்க.”

அவருக்கு அந்தப் பணம் இந்த மாதக் கடைசிக்குள் வேண்டும். இருபத்தாறு வருஷமாக அவர் மூக்குக் கண்ணாடிக்கடை நடத்தும் வாடகை இடத்துக்கு முன்பணத்தை மூன்று மடங்காக உயர்த்தியிருந்தார் கட்டடத்துக்காரர். கொடுக்க முடியாவிட்டால் காலி செய்ய வேண்டும். இடத்தை எடுத்துக்கொள்ளப் பக்கத்துப் போன் கடைக்காரர் தயாராக நின்றார். கண்ணாடிக்காரருக்கு வேறு சேமிப்பும் கிடையாது, வேறு தொழிலும் தெரியாது.

“இங்க பாருங்க. ‘படித்துப் புரிந்துகொண்டேன்’. கீழே உங்க கையெழுத்து” என்று தாளை நகர்த்தினார் அதிகாரி.

“கையெழுத்து என்னுதுதான். படிக்கவும் இல்லை, புரியவும் இல்லை. எறும்பு ஊர்ற மாதிரி எழுத்து, யாரால சார் படிக்க முடியும்?”

அதிகாரிக்கு முகம் வாடிவிட்டது. தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் காட்டினார். “இது உங்க கடையில போட்டது. இதை வெச்சுக்கிட்டு நான் கடைசி வரி வரைக்கும் படிக்கறேன். உங்க தொழிலை நீங்களே கேவலமாப் பேசலாமா?”

அந்தத் தெருவில் அவருக்கே ‘கண்ணாடி போடாத கண்ணாடிக்காரர்’ என்றுதான் பெயர். ஐம்பத்தெட்டு வயதாகியும் அவர் மூக்கில் கண்ணாடி ஏறியதில்லை. அதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை. அந்தப் பெருமையோடு மேற்கொண்டு வாதாட முடியாமல் எழுந்து வீட்டுக்கு வந்தார்.

“என்னங்க, பணம் வந்துச்சா?” என்று கேட்டாள் மனைவி.

“வரும்.”

“எப்ப?”

“நான் போனப்புறம்.”

“எங்க போறீங்க?”

அவர் விளக்கினார். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டாள். “அரைக் கிலோ கத்திரிக்காய் வாங்கினா ஒண்ணொண்ணாத் திருப்பித் திருப்பிப் பார்க்கறீங்க. இதை மட்டும் படிக்காம கையெழுத்துப் போட்டீங்களாக்கும்!” என்று ஆரம்பித்தவள், சட்டென்று கண் கலங்கிப்போய்த் தன் தம்பிக்குப் போன் செய்தாள்.

தம்பி நீதிமன்ற வாசலில் தட்டச்சு செய்பவர். வாசலிலேயே பதினைந்து வருஷம் உட்கார்ந்திருந்ததில், உள்ளே இருப்பவர்களைவிடத் தனக்குச் சட்டம் அதிகம் தெரியும் என்பது அவர் எண்ணம். வந்ததும் வங்கி கொடுத்திருந்த காகிதங்களை எல்லாம் பரப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“மாமா, படிக்கலைன்னு சொன்னா அது உங்க தப்பு. படிக்க முடியலைன்னு சொன்னா அது அவங்க தப்பு.”

“அப்படின்னா?”

“அவங்க விதியிலேயே இருக்கு. பார்வை சரியில்லாதவங்களுக்குச் சாட்சி முன்னாடி சத்தமாப் படிச்சுக் காட்டணும். காட்டலைன்னா ஒப்பந்தம் செல்லாது. உங்களுக்குப் படிச்சுக் காட்டினாங்களா?”

“இல்லையே.”

“அப்ப உங்களுக்குக் கண்ணு தெரியாது. முடிஞ்சுது.”

“மச்சான், நான் கண்ணாடிக்கடை வெச்சிருக்கேன்!”

“வெச்சிருந்தா நல்லது. வேண்டாம்னா சொல்லுங்க, போன் கடைக்குக் கொடுத்துடலாம்.”

புகார்ப் படிவத்தில் ‘குறையின் விவரம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் மச்சான், ‘பார்வைக் குறை’ என்று தட்டினார். கொஞ்சம் கனமாக இருக்கட்டும் என்று ‘பல வருடங்களாக’ என்றும் சேர்த்தார். கண்ணாடிக்காரர் மனசாட்சி உறுத்த, இந்தக் காகிதத்தையும் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டார்.

நான்காம் நாள், கடையில் கூட்டம் நெரியும் சனிக்கிழமை காலை, கையில் கோப்போடு ஒருவர் படியேறினார். அந்த நேரம் பார்த்து, கண்ணாடிக்காரர் ஒரு டீச்சரின் கண்ணாடிச் சட்டகத்தில் கடுகளவு திருகாணியைப் பொருத்திக்கொண்டிருந்தார். அந்த வேலையை அவர் விரல்களே பார்த்துக்கொள்ளும். பேச்சு டீச்சரோடு நடந்துகொண்டிருந்தது.

“பேங்குல இருந்து வர்றேன். உங்க பார்வை விஷயமா நேர்ல விசாரிக்கச் சொன்னாங்க.”

திருகாணி கையிலிருந்து நழுவி உருண்டது. கண்ணாடிக்காரர் இரண்டு கையாலும் மேசையைத் துழாவினார். பிறகு சுவரில் இருந்த ஆளுயரக் கண்ணாடியைப் பார்த்துக் கும்பிட்டு, “வாங்க சார், உட்காருங்க” என்றார். வந்தவர் இந்தப் பக்கம் நின்றபடி குறிப்பு எழுதினார். நடிப்பு எடுபட்ட தெம்பில் கண்ணாடிக்காரர் நாற்காலியை விட்டு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்து, தரையில் விழுந்தார்.

டீச்சர் பதறிப்போய்த் தூக்கிவிட்டார். “ஐயோ! உங்களுக்குக் கண்ணு தெரியாதா?”

கோப்புக்காரரின் பேனா காத்துக்கொண்டிருந்தது. கண்ணாடிக்காரரால் வேறு என்ன சொல்ல முடியும்?

“தெரியாதும்மா. ரொம்ப நாளாவே.”

டீச்சர் அவர் கையிலிருந்த தன் சட்டகத்தை மெல்ல உருவிக்கொண்டார். வரிசையில் நின்றவர்களும் ஒவ்வொருவராகத் தங்கள் சீட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு இறங்கினார்கள். ஒரு பெரியவர் மட்டும் மூன்று மாதத்துக்கு முன்னால் வாங்கிய கண்ணாடியைக் கழற்றிச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு, அதை மேசைமேல் வைத்துவிட்டே போய்விட்டார். சாயங்காலத்துக்குள் சேதி தெரு முழுக்கப் பரவியது. போன் கடைக்காரர் துக்கம் விசாரிக்க வந்தார். வந்தவர் பேச்சோடு பேச்சாகச் சுவரை நாடா வைத்து அளந்துகொண்டும் போனார்.

“நம்பிட்டாங்க இல்ல? அது போதும்” என்றார் மச்சான்.

அது போதவில்லை. கண் மருத்துவரின் சான்றிதழ் வேண்டும் என்று வங்கியிலிருந்து கடிதம் வந்தது. மனைவிதான் படித்துச் சொன்னாள்.

பொய்ச் சான்றிதழ் கொடுங்கள் என்று டாக்டரம்மாவிடம் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. நேர்மையான மனுஷி. அதனால், “கண்ணு சுத்தமாச் சரியில்லை டாக்டர். பேங்குக்கு ஒரு சான்றிதழ் வேணும்” என்று மட்டும் சொன்னார். டாக்டரம்மா அவரை உட்கார வைத்து, எதிர்ச் சுவரில் இருந்த பலகையைக் காட்டினார். “நடு வரியைப் படிங்க பார்க்கலாம்.”

கண்ணாடிக்காரருக்கு உள்ளூரச் சிரிப்பு வந்தது. அவர் கடையில் இருபத்தாறு வருஷமாகத் தொங்கும் அதே பலகை! நடு வரியில் ‘க, ட, ம, ல’ என்பது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். கவனமாக, ஒன்றுகூடச் சரியாகிவிடாதபடி, “ப... ர... ய... த...” என்று இழுத்து இழுத்துச் சொன்னார்.

டாக்டரம்மா பலகையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். கண்ணுக்குள் விளக்கடித்து நெடுநேரம் பார்த்தார்.

“தனியாவா வந்தீங்க?”

“ஆமாம் டாக்டர்.”

“ரோட்டைத் தாண்டும்போது பார்த்துப் போங்க. அடுத்த தடவை வீட்டுல யாரையாவது கூட்டிக்கிட்டு வாங்க, பேசணும்.”

இவ்வளவு நல்ல மனுஷியை ஏமாற்றிவிட்டோமே என்று வழியெல்லாம் அவருக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் தன் நடிப்பை மெச்சிக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை.

டாக்டரம்மாவின் சான்றிதழ் வங்கிக்குப் போன பத்தே நாளில் பணம் வந்துவிட்டது. வருத்தம் தெரிவித்து வங்கியிலிருந்து ஒரு கடிதம்கூட வந்தது, அதுவும் கொட்டை எழுத்தில். மாதம் முடிய இரண்டு நாள் இருக்கையில் கட்டடத்துக்காரர் கையில் முன்பணத்தைக் கொடுத்து, ஒன்பது வருஷத்துக்கு ஒப்பந்தம் எழுதி வாங்கினார் கண்ணாடிக்காரர். அன்று ராத்திரி புருஷனும் மனைவியும் நிம்மதியாகச் சாப்பிட்டார்கள்.

கடை தப்பிவிட்டது. கடைக்குத்தான் ஆள் வரவில்லை.

ஒரு வாரம் ஈ ஓட்டினார். பழைய வாடிக்கையாளர்கள் எதிர்ச் சாரியில் ஒதுங்கிப் போனார்கள். பொறுக்காமல், ‘எனக்குக் கண் நன்றாகத் தெரியும்’ என்று ஒரு அட்டையில் எழுதி வாசலில் மாட்டினார்.

“இதை முதல்ல கழட்டுங்க” என்றாள் மனைவி. “நான் பைத்தியம் இல்லைன்னு எழுதி மாட்டிக்கிட்டா யாராவது நம்புவாங்களா?”

மச்சான் யோசித்துவிட்டு, “கெட்டுப்போச்சுன்னு சொன்ன வாயாலதான் நல்லாயிருக்குன்னும் சொல்லணும் மாமா. அதே டாக்டர்கிட்ட இன்னொரு சான்றிதழ் வாங்குங்க. பிரேம் போட்டுக் கடையில மாட்டிடலாம். பேங்குக்காரங்க கண்ணுல படாத இடமா மாட்டணும், அவ்வளவுதான்” என்றார்.

ஒன்பது வருஷத்துக்கு வாடகை கட்டியாக வேண்டுமே. மறுநாளே கண்ணாடிக்காரர் மருத்துவமனைக்குப் போனார். டாக்டரம்மா அறுவை சிகிச்சையில் இருந்தார். வரவேற்பில் இருந்த நர்ஸ் அவருடைய கோப்பை எடுத்துப் புரட்டினாள்.

“வீட்டுல இருந்து யாரும் வரலையாங்க ஐயா? டாக்டர் கூட்டிக்கிட்டு வரச் சொல்லியிருந்தாங்களே.”

“அதெல்லாம் தேவையில்லைம்மா” என்று அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார் கண்ணாடிக்காரர். “உன்கிட்ட உண்மையைச் சொல்லிடறேன். அன்னைக்கு எல்லாம் நடிப்பு. பணத்தை வாங்க வேற வழி தெரியலை. டாக்டரம்மாகிட்ட நானே மன்னிப்புக் கேட்டுக்கறேன். எனக்குக் கண்ணு கத்தி மாதிரி இருக்கும்மா! அந்தப் பலகையில ‘க, ட, ம, ல’ன்னு பளிச்சுனு தெரிஞ்சுது. நான்தான் வேணும்னே எழுத்தை எல்லாம் மாத்தி மாத்திப் படிச்சேன்.”

நர்ஸ் எழுந்து வந்து, ரொம்பப் பக்குவமாக அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

“எங்க பலகையில எழுத்தே கிடையாதுங்க ஐயா, வெறும் நம்பர்தான்.”