பட்டத்துக்கு வட்டி போடுகிறவர்

மனிதர்களில் வட்டி போடுகிறவர் என்று ஓர் இனம் உண்டு. கடனுக்கு வட்டி போடுகிறவரைச் சொல்லவில்லை; அவர் சாது. நான் சொல்வது பட்டத்துக்கு வட்டி போடுகிறவரை. உங்கள் வீட்டுப் பிள்ளை பாஸாகிவிட்டது என்ற செய்தி தெருமுனையைத் தாண்டுவதற்குள், அவர் உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து, செருப்பை வாசலிலும் பார்வையைச் சமையலறையிலும் விட்டுவிட்டு, சட்டைப் பையிலிருந்து நீலப் பென்சிலை உருவி, “சரிங்க, படிச்சு முடிச்சா மாசம் என்னங்க வரும்?” என்று ஆரம்பித்திருப்பார். மிட்டாய்கூட அப்புறம்தான்.

திருப்பூரில் இந்த இனம் கொழுகொழுவென்று வளரும். மண்ணரை ரத்தினசாமி அதில் அசல் சரக்கு. சொந்தக் கட்டிடம், அதில் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி. எந்தப் படிப்பையும் அவர் ரூபாயில் சொல்லமாட்டார்; பனியன் தைக்கிற ஓவர்லாக் மிஷினில்தான் சொல்வார். டாக்டர் படிப்பா? எட்டு மிஷின், ஒரு ஷெட். வக்கீல் படிப்பா? மூன்று மிஷின், அதிலும் கறுப்புக் கோட்டுச் செலவைக் கழிக்கவேண்டும். தமிழ் எம்.ஏ.யா? அதற்குப் பதில் கிடையாது. உச்சுக்கொட்டிவிட்டு உங்கள் தோளைத் தடவிக் கொடுப்பார்.

எழுபத்திரண்டாம் வருஷம் இவர் கையில் சிக்கியவள் சாரதாமணி. அப்பா மருதாசலம் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். கோயமுத்தூர்க் கல்லூரி ஒன்றில் அவளுக்குச் சமூகப்பணி மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. கட்டணத்துக்குச் சர்க்கார் கடன் மூவாயிரம். கடன் விண்ணப்பத்தில் சொத்துள்ள ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போடவேண்டும், மறுநாள் காலைக்குள் அது கல்லூரியில் இருக்கவேண்டும். தெருவில் சொத்துள்ளவர் யார்? சாட்சாத் ரத்தினசாமி!

அவர் பேனாவோடு வரவில்லை. நீலப் பென்சிலோடு வந்தார், கணக்குப் போடப் பனியன் பெட்டியின் மூடி ஒன்றையும் கிழித்துக்கொண்டு வந்தார்.

“மூவாயிரத்துக்கு நூத்துக்கு ஒரு ரூவா வட்டி போட்டா மாசம் முப்பது. வருசத்துக்கு முந்நூத்தி நாப்பதுங்க மச்சான்.”

“அது வட்டியில்லாக் கடனுங்க மாமா,” என்றாள் சாரதாமணி.

“அவங்க போடாட்டி என்ன கண்ணு? நாமளாவது போடோணுமல்ல!”

எப்பேர்ப்பட்ட வாதம்! மருதாசலம், நாள் முழுக்கத் துணி வெட்டிய கையைப் பிசைந்துகொண்டு, மகளைப் பார்ப்பதும் மூடியைப் பார்ப்பதுமாக இருந்தார். ரத்தினசாமிக்கோ வேகம் பிடித்துவிட்டது. இதே மூவாயிரத்துக்கு ஒரு மிஷின் வாங்கிப் போட்டால் இரண்டு ஷிப்டு ஓடும், லீவு கேட்காது, ஹாஸ்டல் சாப்பாடு சரியில்லை என்று கடுதாசி போடாது, முக்கியமாக, அதைக் கட்டிக்கொடுத்து இன்னொரு வீட்டுக்கு அனுப்பவேண்டியதில்லை.

“அதுவுமில்லாம, சேவை செய்யறதுக்கு எதுக்குங்க மச்சான் படிப்பு? மனசிருந்தாப் போதாதுங்களா?”

“காபி ஆறுதுங்க,” என்றாள் உள்ளேயிருந்து செல்லாத்தாள், மருதாசலத்தின் மனைவி. கோயமுத்தூர்க் கடைசி பஸ்ஸைப் பற்றித்தான் அவள் கவலையெல்லாம். அதை எப்படி வாய்விட்டுச் சொல்வது?

சாரதாமணி எதிரே வந்து உட்கார்ந்தாள். “நம்ம கருப்பாத்தாக்கா கை மிஷின்ல மாட்டினப்ப முதலாளிகிட்டப் பேசி நஷ்டஈடு வாங்கிக் குடுத்தது யாருங்க மாமா?”

ரத்தினசாமி நிமிர்ந்தார். “நாந்தான் கண்ணு! ஆறு மாசம் அலைஞ்சேன்.”

“சாமியப்பண்ணன் போனஸ் தகராறு?”

“நாந்தான் தீத்து வெச்சேன்.”

“குடிச்சுப்போட்டு அடிக்கிறான்னு நஞ்சம்மா ஓடியாந்தப்ப?”

“அவ புருசனை உக்கார வெச்சுப் பேசினது ஆரு? விடிய விடியப் பேசினேனே!”

“இதுக்கெல்லாம் என்னங்க வாங்கினீங்க?”

“காசா?” ரத்தினசாமிக்கு ரோஷம் வந்துவிட்டது. “இருவது வருசமா ஒத்தப் பைசா வாங்கினதில்ல, தெரியுமா?”

“இதையேதானுங்க மாமா அங்க ரெண்டு வருசம் முறையாச் சொல்லித்தர்றாங்க. படிச்சுட்டு இதே வேலையைச் செஞ்சா மாசம் இருநூத்தியம்பது சம்பளம்.”

ரத்தினசாமி மூடியை மெல்லப் புரட்டினார். மாதம் இருநூற்றைம்பது, வருஷம் மூவாயிரம், இருபது வருஷத்துக்கு அறுபதாயிரம். பென்சில் நின்றது. அவர் முகத்தில் ஒவ்வொரு மிஷினாக வந்து இறங்குவது நன்றாகத் தெரிந்தது.

“இருவது மிஷின்!” என்று அலறினார். “ஏஞ்சாமி, என்ற வாசல்ல ஓட வேண்டியது இருவது மிஷினுங்க மச்சான்! அத்தனையும் சும்மா செஞ்சு தொலைச்சிருக்கறேன்!”

செல்லாத்தாள் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். தண்ணீர் யாருக்கு வேண்டும்? மருதாசலத்தின் பையிலிருந்த பேனாவைப் பிடுங்கி, விண்ணப்பம் கிழியுமளவுக்கு அழுத்திக் கையெழுத்துப் போட்டார். “போ கண்ணு, போய்ப் படி. இந்தத் தெருவுல ஒருத்தராச்சும் இதுக்குச் சம்பளம் வாங்கட்டும்.” மருதாசலம் காகிதத்தை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு ஓடினார் பாருங்கள், அந்த மனிதர் அப்படி ஓடி நான் பார்த்ததே இல்லை. பஸ் கிடைத்தது. எனக்கே குதிக்கவேண்டும் போலிருந்தது.

ரத்தினசாமி திருந்திவிட்டாரா? ஊஹூம். மறுநாளே அடுத்த தெருவில் இன்னொரு வீட்டு நாற்காலியில் இருந்தார். ஓசியில்தான்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சற்றுப் பொறுங்கள். மேலே ரத்தினசாமி வாயில் நான் வைத்த வட்டிக் கணக்கில் வருஷத்துக்கு இருபது ரூபாய் குறைகிறது. வேண்டுமென்றேதான் குறைத்தேன். படிக்கும்போதே அது உங்கள் கண்ணில் பட்டு உறுத்தியதா? இல்லை, இப்போதுதான் மேலே போய்ச் சரிபார்த்துவிட்டு வருகிறீர்களா? எதுவானாலும் நீங்களும் அந்த இனம்தான்; பக்கத்து வீட்டில் யாரோ ஒரு பெண் விண்ணப்பத்தோடு உங்களுக்காகக் காத்திருக்கிறாள். காபி ஆறுவதற்குள் கையெழுத்தைப் போட்டுவிடுங்கள்.