ஆமை எக்ஸ்பிரஸ்ஸை நான் பிடித்த கதை

என் குடும்பப் பெயர் டோய். மரியாதையாகக் கூப்பிட்டாலே அதட்டுகிற மாதிரிதான் இருக்கும். ஒசாகாவில், டென்டென் டவுன் என்கிற எலெக்ட்ரானிக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. பிழைப்புக்கு ஒரு மெத்தைக் கடை உத்தியோகம். உயிருக்குக் கேசட். பாட்டுக் கேசட் இல்லை. டிவிப் பெட்டியோடு சேர்த்து விளையாடுகிற அந்தக் கால வீடியோ கேம் கேசட். எந்தக் கேசட்டைக் கையில் கொடுத்தாலும் அதன் மதிப்பு என்ன என்று சொல்லிவிடுவேன். வீட்டில் என் மதிப்பு என்ன என்று மட்டும் கேட்காதீர்கள்.

போன மாதம் பக்கத்து வீட்டு ஓகுரி அம்மாளுக்குத் திரைச்சீலைக் கம்பி மாட்டிக் கொடுக்கப் போனேன். புருஷன் போய்ச் சேர்ந்தபின் தனியாக இருக்கிறவர். ஸ்டூல் மேல் ஏறி நின்றவன் திறந்திருந்த அலமாரிக்குள் பார்த்தேன். ஒரு பிஸ்கட் டின். அதற்குள் கேசட்டுகள். நடுவில், பச்சை நிறத்தில், தொப்பி போட்ட ஆமை ஒன்று ரயில் ஓட்டிக்கொண்டிருந்தது.

'ஆமை எக்ஸ்பிரஸ்'!

அடுத்த தலைமுறை மெஷின் கடைக்கு வந்தபின் வெளியான கேசட். அப்போது சீந்துவார் இல்லை. அதனால் கொஞ்சம்தான் அச்சடித்தார்கள். அதனாலேயே இன்று அதை விற்றால் ஓடுகிற நிலையில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கலாம்.

"அதுவா தம்பி? எம்பையன் சின்னப்பிள்ளையில விளையாண்டது. அவன் சப்போரோவுல இருக்கான், வேணாங்கறான். வியாழக்கிழமை பிளாஸ்டிக் குப்பையில போட்டுடலாம்னு இருக்கேன்" என்றார் ஓகுரி அம்மாள்.

ஸ்டூல் ஆடியது. ஸ்டூல் நன்றாகத்தான் இருந்தது, ஆடியது நான்.

அங்கேயே ஒரு மகத்தான தீர்மானம் செய்தேன். அந்தக் கேசட் எனக்குத்தான். அதுவும் இனாமாக. ஆனால் நானே கேட்க முடியாது. சந்து முழுக்க என் பைத்தியம் தெரியும். நான் ஆசைப்பட்டேன் என்றால் அந்த அம்மாள் உஷாராகிவிடுவார். ஆகவே, கேசட் என்றால் காத தூரம் ஓடுகிற ஒரு ஆள் வேண்டும்.

அப்படி ஒரு ஆள் என் வீட்டிலேயே இருந்தாள். என் மனைவி.

"மிட்சுயோ, உனக்கு டின்னுன்னா ரொம்பப் பிடிக்கும் இல்ல?"

"எனக்கா? எப்போ இருந்து?"

"ஓகுரி அம்மா ஒரு அழகான பிஸ்கட் டின்னைக் குப்பையில போடப் போறாங்க. நீ போய் வாங்கிட்டு வாயேன். மிளகாய்ப் பொடி போட்டு வெச்சுக்கலாம்."

"நாம மிளகாய்ப் பொடியே சேத்துக்கறது இல்லையே."

"இனிமே சேத்துக்கலாம். டின்னு காலியா இருக்காது, உள்ள ஏதோ குப்பை இருக்கும். அதோட சேத்தே கொண்டு வந்துடு. அவங்களுக்குச் சிரமம் வேண்டாம்."

மிட்சுயோ என் முகத்தைப் பார்க்கவில்லை. காதைப் பார்த்தாள். பொய் சொன்னால் என் காது சிவந்துவிடும். குளிருக்குக்கூடச் சிவக்காத காது, இந்த விஷயத்தில் மட்டும் தவறாது.

போனாள். அரை மணியில் டின்னோடு வந்தாள். ஆனால் என்னிடம் கொடுக்கவில்லை. மேஜை முன்னால் உட்கார்ந்து, பார்லி டீயை ஊற்றிக்கொண்டு, கேசட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பரப்பினாள். கல்யாணமான நாள் முதல் கேசட் பக்கம் திரும்பிப் பார்க்காதவள், குழந்தை மாதிரி கேட்க ஆரம்பித்தாள்.

"ஏங்க, இதுக்குப் பின்னாடி மார்க்கர்ல பேர் எழுதியிருக்கே, எதுக்கு?"

"பசங்க மாத்தி மாத்தி இரவல் குடுப்பாங்க. திரும்பி வரணுமே, அதுக்குத்தான். பேர் இருந்தா விலை பாதியாப் போயிடும்."

"அடப்பாவமே! பேர் இல்லாட்டி?"

"அதான் நல்லது. அப்புறம் லேபிள்ல வெயில் பட்டிருக்கக் கூடாது. சிவப்புதான் முதல்ல வெளுக்கும்."

"ஓஹோ! இந்த ஓரத்துல கோடு மாதிரி இருக்கே?"

"எவனோ நெம்பித் திறந்திருக்கான். அந்தத் தழும்பு இருந்தா உள்ள வேற எதையாவது வெச்சு மாத்தியிருக்கலாம். நம்பக் கூடாது."

"வாயால ஊதுவீங்களே, அது?"

"எச்சில் பட்டா செம்பு பச்சை பூத்துடும். பல்லு மாதிரி வரிசையா இருக்கே, அது பளிச்சுனு இருக்கணும்."

என்னைக் கேள்வி கேட்க வீட்டில் ஒரு ஜீவன் முன்வந்தது அன்றுதான் முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு சொற்பொழிவே ஆற்றினேன். அவளும் 'ம்' கொட்டிக் கேட்டாள். கேட்கக் கேட்க அவள் கண்ணில் நிஜமாகவே ஒரு வெளிச்சம் வந்தது. 'இவ்வளவு விஷயம் இருக்கா இதுக்குள்ள!' என்று அவள் வியந்தபோது, அவளை இரண்டாம் முறை கல்யாணம் செய்துகொள்ளலாம் போல் இருந்தது.

கடைசியாக ஆமையை எடுத்தாள். திருப்பினாள். பேர் இல்லை. ஓரத்தைத் தடவினாள். தழும்பு இல்லை. ஆமையின் தொப்பி மிளகாய்ப் பழச் சிவப்பு.

"இது எப்படிங்க?"

"அதுவா? அது சுத்தக் குப்பை."

"பேர் இல்லையே?"

"இல்லைன்னாலும் குப்பை."

"சிவப்பு வெளுக்கலையே?"

"வெளுக்காத குப்பை."

அவள் மறுபடி என் காதைப் பார்த்தாள். பிறகு எல்லாவற்றையும் டின்னுக்குள் அடுக்கி மூடினாள்.

மறுநாள் நான் கடையிலிருந்து வந்தபோது மேஜை காலி.

"டின்னு எங்க?"

"திருப்பிக் குடுத்துட்டேன். மிளகாய்ப் பொடிக்கு இவ்வளவு பெரிய டின்னு எதுக்கு? அவங்க பொருளு, அவங்க என்ன வேணா பண்ணிக்கட்டும்."

"அந்த... உள்ள இருந்த குப்பை?"

"நீங்கதானே குப்பைன்னீங்க?"

என் வாயாலேயே என் வாயை அடைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை காலை குப்பை வண்டியின் பாட்டு கேட்டதும் செருப்புகூடப் போடாமல் ஓடினேன். சந்து முனையில் வண்டியைப் பிடித்தேன். ஓட்டுநர் கண்ணாடியை இறக்கி, "என்ன சார், ஏதாவது விழுந்துடுச்சா?" என்றார். "ஒரு ஆமை" என்றேன். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வேகமாகப் போய்விட்டார்.

ஓகுரி அம்மாள் வீட்டுக்குப் போனேன். பூட்டு. அன்று மெத்தைக் கடையில் விற்கவேண்டிய மெத்தை மேலேயே படுத்துக் கிடந்தேன். பக்கத்து வீட்டுக் கிழவியை ஏமாற்றப் பார்த்தோமே என்று கொஞ்சம் வருத்தம். ஏமாற்ற முடியவில்லையே என்று நிறைய வருத்தம்.

மத்தியானம் போன் அடித்தது. பழைய கேசட் கடை நிஷியோ.

"டோய் சார், உக்காந்திருக்கீங்களா?"

"படுத்திருக்கேன்."

"அப்படியே இருங்க. ஆமை எக்ஸ்பிரஸ் வந்திருக்கு. பேர் இல்லை, தழும்பு இல்லை."

கடையில் அதைக் கையில் வாங்கிய கணம் என் மூச்சு நின்றது. நிஷியோ சொன்ன விலையைக் கேட்டு மறுபடி நின்றது.

"கொஞ்சம் குறைக்கக் கூடாதா நிஷியோ?"

"எப்படி சார் குறைக்கறது? வித்தவங்க என்னை உரிச்சுட்டாங்க. லேபிளைக் காட்டறாங்க, ஓரத்தைக் காட்டறாங்க, 'செம்புல எச்சில் படவே இல்லை பாருங்க'ங்கறாங்க. இந்தத் தொழில்ல இப்படி ஒரு கைகாரரை நான் பாத்ததே இல்லை."

"யாரு அது? பாத்தா காலைத் தொட்டுக் கும்பிடணும் போல இருக்கே!"

"பேர் சொல்லக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க."

கையில் அவ்வளவு பணம் இல்லை. வேறு யாரிடமோ போய்விடுமே என்று ஆமையைக் கீழே வைக்கவே இல்லை. கடைசியில் பண்டமாற்று பேசினோம். என் கண்ணாடி அலமாரியில் இருந்த கேசட்டுகள் மொத்தமும் அவனுக்கு, ஆமை எனக்கு. அன்றைக்கே வண்டி கொண்டு வந்து அள்ளிப் போனான். காலியான அலமாரியைத் துணியால் துடைத்து மூடினேன். ஆனால் சட்டைக்குள் ஆமை இருந்தது. ஒன்றுக்காக எல்லாவற்றையும் கொடுப்பவன்தான் ரசிகன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சாயங்காலம் வாசலில் இரண்டு பயணப் பைகள். மிட்சுயோ புது மேல்கோட்டில். பக்கத்தில் ஓகுரி அம்மாள், உதட்டுச் சாயத்தோடு.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"அரிமாவுக்கு. வெந்நீர் ஊத்துல ரெண்டு நாள் குளிச்சுட்டு வரோம். ஓகுரி அக்கா கூப்பிடறாங்க" என்றாள் மிட்சுயோ.

"எல்லாம் உங்க சம்சாரம் புண்ணியம் தம்பி! குப்பையில போட இருந்ததைக் கடைக்குக் கொண்டுபோய், என்னமா பேசினா தெரியுமா? அந்தக் கடைக்காரர் வேர்த்துப் போயிட்டார்" என்றார் ஓகுரி அம்மாள். "யாரும்மா சொல்லிக் குடுத்தாங்கன்னு கேட்டேன். எங்க வீட்டுக்காரர்னு பெருமையா சொன்னா."

சட்டைக்குள் ஆமை குத்தியது.

"மிட்சுயோ... அப்போ அது... நிஷியோ கடையில..."

அவள் என் சட்டைப் புடைப்பைப் பார்த்தாள். உள்ளே காலியாகப் பளபளத்த கண்ணாடி அலமாரியைப் பார்த்தாள். பையைத் தூக்கிக்கொண்டாள்.

"வேற யாராவது வாங்கிட்டா நீங்க ஏங்கிப் போயிடுவீங்களேன்னு, முதல் போன் உங்களுக்குத்தான் போடணும்னு நான்தாங்க சொல்லிட்டு வந்தேன்."