ஒட்டுவாரொட்டி

தமிழ் பேசும் மக்கள் நெடுங்காலமாக ஒரு பெரும் பிழையைச் சுமந்து வருகிறார்கள். அதை இறக்கிவைப்பது என் கடமை. வண்டுகடி என்னும் தோல் நோய் வண்டு கடித்து வருவதன்று. எந்த வண்டும் மனிதனுடைய இடுப்பைத் தேடிவந்து வட்டம் போடுவதில்லை. அதற்கு வேறு வேலை இருக்கிறது. இதே நோய்க்குப் படர்தாமரை என்றும் ஒரு பெயர். அது தாமரையும் அன்று. கவிகள் தாமரையில் வண்டை வைத்தார்கள். நம்மவர்கள் இரண்டையும் சேர்த்து என் இடுப்பில் வைத்துவிட்டார்கள். உண்மையில் அது பேக்கரியில் வாங்கிய பழைய பாணில் பிடிப்பதைப் போன்ற ஒரு பூஞ்சணம்.

இதை எனக்கு விளக்கியவர் மன்னாருக்கு மாதமொருமுறை வந்துபோகும் தோல் வைத்திய நிபுணர். இளம் பெண். என் வட்டத்தைப் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை.

"முந்தி என்ன பூசினனீங்கள், ஐயா?"

"தேசிக்காய்ப்புளி. பிறகு வேப்பெண்ணெய். பிறகு பக்கத்து வீட்டு றம்லா தந்த ஒரு கிறீம்."

"ஆக்கள் தாற கிறீமெல்லாம் பூசாதீங்கோ. மேலாலை அடக்கிப்போட்டு உள்ளாலை பரப்பும். குளிச்சால் ஈரம் போகத் துடையுங்கோ. உடுப்பை நல்ல வெயிலிலை காயப்போடுங்கோ. மாறினமாதிரித் தெரிஞ்சாலும் மருந்தை நிப்பாட்டக்கூடாது. உங்கடை துவாயை வேறை ஆரும் பாவிக்கிறவையோ?"

அந்தக் கடைசிக் கேள்வியில் என் மனம் திடுக்கிட்டு விழித்தது.

பாவிக்கிறவர் அம்புறோஸ். என் மனைவி அன்ரோனெற்றின் தம்பி. தலைமன்னாரில் கடற்றொழில். வாடைக் காற்று அடங்கும்வரை இருந்துவிட்டுப் போகிறேன் என்று பேசாலையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தார். வாடை அடங்கியது. இப்போது தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசுகிறது. மன்னார்த் தீவில் காற்றே வீசாத பருவம் ஒன்று உண்டா என்று நானும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

துவாய் போகட்டும். கதிரைதான் துயரம். தபால் கந்தோரிலிருந்து ஓய்வுபெற்ற எனக்கு இந்த உலகில் மிஞ்சியது விறாந்தையில் கிடக்கும் ஒரு சாய்மனைக் கதிரை. அதில் சாய்ந்தால்தான் எனக்கு எழுத்து உள்ளே போகும். வந்த அன்று அதில் சாய்ந்த அம்புறோஸ் சோற்றுக்கும் பூசைக்கும் மட்டும் எழும்புகிறார். நான் படியில் குந்தியிருந்து வாசிக்கிறேன். பக்கங்களைக் காற்றே புரட்டிவிடுகிறது. விருந்தாளிக்கு அலுத்தால் அவன் தன் வீட்டுக்குப் போகலாம். சொந்த வீட்டில் விருந்தாளியானவன் எங்கே போவான்?

அம்புறோஸ் விலாவைச் சொறிவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். ஆகவே பஸ்ஸில் திரும்பி வரும்போதே திட்டம் முழுமையாகிவிட்டது. தொற்றுநோய்க்குத் தமிழில் அழகான ஒரு சொல் உண்டு: ஒட்டுவாரொட்டி. ஒட்டுகிறவரை ஒட்டிக்கொள்வது. மைத்துனர்களை மனதில் வைத்தே அதை ஆக்கியிருக்கவேண்டும்.

"இஞ்சேரும், அன்ரோனெற். டொக்டர் கடுமையாச் சொல்லிப்போட்டா. இது ஒட்டுவாரொட்டி."

"மடு மாதாவே! என்ன செய்யட்டாம்?"

டொக்டர் சொன்னதை ஒரு சொல்லும் விடாமல் ஒப்பித்தேன். பிறகு குரலைத் தாழ்த்தினேன்.

"நோய் உள்ள ஆளைப் பிரிச்சு வைக்கவேணுமாம். மற்ற ஆக்கள் இருக்கிற கதிரையிலை இருக்க விடவே கூடாதாம்."

இவை டொக்டர் சொல்லாதவை. நூலுக்கு உரை எழுதுகிறவனுக்கு உள்ள சுதந்திரத்தை எடுத்துக்கொண்டேன்.

"சொந்தக்காரர் எண்டாலுமோ?"

"சொந்தக்காரர் எண்டால் கட்டாயம்."

அன்ரோனெற் சற்று யோசித்தாள். "ஓம், படிச்ச பிள்ளை சொன்னால் கேக்கத்தானே வேணும்."

நான் விறாந்தைக்கு நடந்தேன். "அம்புறோஸ், குறை நினையாதையும். ஒருக்காச் சேட்டைக் கழட்டும் பாப்பம். நீர் சொறியிறதைக் கண்டனான்."

அம்புறோஸ் கழற்றினார். தோலுரித்த கணவாய் மீன்போல் மழமழவென்று இருந்தது உடம்பு. ஒரு புள்ளி கிடையாது.

"அது நுளம்பு கடிச்சது அத்தான். உங்கடை விறாந்தையிலை படுக்கேலாது. பொல்லாத நுளம்பு."

"உங்கடை துவாயைப் பாவிச்சும் பிள்ளைக்கு ஒண்டும் வரேல்லை. மாதாதான் காத்தவ," என்று பின்னாலேயே வந்த அன்ரோனெற் சிலுவை போட்டுக்கொண்டாள். பிள்ளைக்கு ஐம்பது வயது கடந்துவிட்டது. அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப, நோய் உள்ள ஆள் ஆர்?"

"டொக்டர்மார் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவினம்..."

"கட்டாயம் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

"அது சொந்தக்காரருக்கு..."

"அப்ப நீங்கள் எனக்குச் சொந்தம் இல்லையோ?"



பொழுதுபடுமுன் என் தலையணை, வீட்டின் பின்னால் சாய்ப்பாக இறக்கிய பின்பத்திக்குப் போயிற்று. விறகும் கருவாட்டுச் சாக்குகளும் அங்கேதான் இருக்கின்றன. நான் படுக்கும் முன்னறையில் அம்புறோஸ் படுத்தார், நுளம்பு இல்லையாம். மறுநாள் கதிரையை அன்ரோனெற் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவி, வெயிலில் காயவைத்து, "இனிப் பயமில்லை, இரடா தம்பி," என்றாள்.

பின்பத்தியில் வாசிக்க வெளிச்சம் போதாது. புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கருவாட்டைப் பார்க்கிறேன். அதுவும் என்னைப் பார்க்கிறது. எங்களுக்குள் பெரிய வேற்றுமை இல்லை. இருவரையும் ஈரம் போக உலர்த்தித்தான் இங்கே வைத்திருக்கிறார்கள்.

நாளடைவில் வட்டம் மங்கிற்று. சந்தோசத்தோடு சேட்டைத் தூக்கிக் காட்டினேன்.

"இஞ்சை பாரும், மாறிட்டுது."

"மாறினமாதிரித் தெரிஞ்சாலும் நம்பக்கூடாதெண்டு டொக்டர் சொன்னவ எல்லோ?"

என்ன செய்வது, அதை மட்டும் டொக்டர் உண்மையாகவே சொல்லியிருந்தார்.

போன வெள்ளிக்கிழமை, முன்னறை கிடைத்திருக்கும் செய்தி கேட்டு, அம்புறோசின் பெண்சாதி பெற்றிசியா தலைமன்னாரிலிருந்து தையல் மெசினுடன் வந்து இறங்கினார்.