எட்டு வருடம் நிறையாத டேங்க்

பனியன் வேஸ்ட் துணிப் பொதியை மொபெட்டில் ஏற்றிக்கொண்டு, வாடகைக்கு விட்டிருக்கும் என் லைன் வீடுகளுக்குப் பின்னால் குறுக்கே புகுந்தது என் புத்திசாலித்தனம். செப்டிக் டேங்க் மூடி உடைந்தது. நான் தப்பித்தேன், பொதி ஓட்டையில் தலைகீழாகச் சொருகி நின்றது.

"நல்லதுதானுங்க, நாத்தம் வராது" என்றேன்.

குடியிருக்கும் இருபத்து மூன்று பேரில் ஒருவரும் சிரிக்கவில்லை. மூடி சரியாகும்வரை என்று கக்கூஸைப் பூட்டியிருந்தேன்.

"சனிக்கிழமைக்குள்ள சரி பண்ணலைன்னா ஆறு வீடும் காலிண்ணே" என்றாள் ஒச்சம்மாள். தேனிப் பக்கத்துக்காரி, சொன்னால் செய்வாள்.

அனுமதிப் பேப்பர் இல்லாமல் கை வைக்க மாட்டேன் என்றார் கொத்தனார். நகராட்சி அலுவலகத்துக்கு ஓடினேன்.

"ரெக்கார்டுல உங்களுக்கு டேங்க்கே இல்லீங்க. இல்லாத டேங்க்குக்கு மூடி எப்படீங்க?" என்றார் எழுத்தர் கிட்டுசாமி.

புது விண்ணப்பம், வரைபடம், பக்கத்து வீட்டுச் சம்மதக் கடிதம் என்று அடுக்கினார்.

பக்கத்து வீட்டுத் தெய்வாத்தாள் அக்கா கையெழுத்துப் போட மறுத்தார். "எங்க ஊட்டு டேங்க்கே நாலு மாசத்துக்கொருக்கா ரொம்புதுங்க தம்பி. உங்களுது வேறயா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இருக்கறது ரெண்டு பேரு. அப்படி என்னதானுங்க்கா திங்கறீங்க? எனக்கு எட்டு வருசமா டேங்க் உறிஞ்சற லாரி ஒண்ணுகூட வந்ததில்லீங்க. கட்டுமானம் அப்படி!"

சும்மாவா? பைப் எந்தப் பக்கம் போகவேண்டும் என்று பிளம்பருக்கே பாடம் எடுத்தவன் நான்.

அக்கா கதவைச் சாத்தினார். விடுவேனா? ஒழுங்காக இருப்பவனுக்கு ஆயிரம் விதி, நாலு மாதத்தில் நிரப்புகிறவருக்கு ஒன்றுமில்லையா? மனு எழுதிவிட்டேன்: 'அவர் டேங்க்கைத் திறந்து பாருங்கள். டேங்க் எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு என்னுடையதையும் பாருங்கள்.'

சனிக்கிழமை காலை கிட்டுசாமி லாரியோடு வந்தார். அக்காவின் டேங்க்கைத் திறந்தார்கள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அக்கா காம்பவுண்டு ஓரம் நின்றார். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் நியாயம் என்று ஒன்று இருக்கிறதே!

லாரிக்காரர் காசிமாயன் கயிறு கட்டி என் பொதியை இழுத்தார். போனது போலவே வெள்ளைவெளேரென்று வந்தது. ஒரு பொட்டு ஈரமில்லை. உள்ளே டார்ச் அடித்தார். அக்காவின் டேங்க்கிலும் அடித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பாத்தீங்களா கட்டுமானத்தை?" என்றேன். குரல் இறங்கிவிட்டிருந்தது. "அப்ப... எங்களுதெல்லாம் எங்கதானுங்க போச்சு? மழுப்பாம சொல்லுங்க."

"உங்க டேங்க்ல பல்லிதாண்ணே குடியிருக்கு. உங்க பைப்பு எட்டு வருசமா அந்தம்மா டேங்க்லதான் கொட்டுது."